தொண்ணூறு பேருக்குப் போன என் ஜெபக் குறிப்பு

கர்த்தர் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சபையில் எழுந்து சொல்லும்படி மூன்று முறை என்னைக் கேட்டார்கள். மூன்று முறையும் மறுத்துவிட்டேன். சாட்சி சொல்ல வருகிறவர்கள் மலர்ந்த முகத்தோடு வருவார்கள். எனக்கோ கோபம் இன்னும் முழுவதும் போகவில்லை. கோபத்தை வைத்துக்கொண்டு சாட்சி சொல்லலாமா என்று தெரியாமல் ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். இப்போது, இருக்கிறபடியே எழுதிவிடுகிறேன். என் அருமை விசுவாசிகளே, பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தது.

நானும் அம்மாவும் மட்டும்தான். டெல்லி திரிலோக்புரியில் ஒரே அறை. அப்பா நான் பத்தாவது படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மாவுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். மயூர் விஹாரில் நான்கு ஃப்ளாட்டுகளில் சமையல் வேலை செய்து என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார், பிறகு பி.காம். எங்கள் குடும்பத்தில் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். அது பெருமைதான். மறைக்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில், வேலை செய்த வீடு ஒன்றில் ஈரமான பால்கனியில் அம்மா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. நான்கு வீட்டிலும் இரண்டு வாரம் பொறுத்தார்கள். பிறகு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அதே மாதம், நொய்டாவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கையில் இருந்தது வாடகைக்கும் எக்ஸ்ரேவுக்கும் போனது. அம்மா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் மயக்கம் வரும். மாத்திரை இருந்தது. சாப்பாடு இல்லை.

எங்கள் சபையில் ஒரு ரேஷன் ஊழியம் உண்டு. ஊரில் பல சபைகளில் இருக்கிற கைப்பிடி அரிசிப் பழக்கம்தான் அதற்கு ஆரம்பம். ஒவ்வொரு வீட்டிலும் அரிசி களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து சபையின் ஸ்டோர் ரூமில் இருக்கிற நீல டிரம்மில் கொட்டுவார்கள். ஆட்டாவும் பருப்பும் எண்ணெயும் காணிக்கையிலிருந்து வாங்குவோம். பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வரிசையில் நின்று வாங்கிப்போவார்கள். நாற்பது குடும்பம் வரும். தமிழர்கள் கொஞ்சம், பீகார், பெங்கால் பக்கத்து ஆட்கள் அதிகம்.

அந்த வரிசைக்குப் பதிவேடு வைத்திருந்தவள் நான்தான்.

முன்பு சிலர் இரண்டு முறை வாங்கினார்கள் என்று புகார் வந்ததால், நான் ஒரு முறையை ஏற்படுத்தினேன். பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவேன். கணவர் பெயர், எத்தனை பேர், ஏன் வருமானம் இல்லை என்று எல்லாருக்கும் முன்னால் கேட்பேன். பதில் சொன்ன பிறகு டிக் போடுவேன். தவறே நடக்கவில்லை. பாஸ்டர் ஐயா பாராட்டினார். படித்த பிள்ளை கையில் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்றார். நான் வானத்தில் மிதந்தேன்.

இப்போது புரிந்திருக்கும், அந்த வரிசையில் என்னால் ஏன் நிற்க முடியவில்லை என்று.

அம்மா தூங்கும் மதிய நேரத்தில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். இரண்டு காரியம் கேட்டேன். ஆண்டவரே, எங்களுக்கு அரிசி கொடும். அது ஒருவருக்கும் தெரியாமல் இருக்கட்டும். இரண்டாவதைத்தான் அதிகமாக அழுது கேட்டேன்.

ஜெஸியிடம் மட்டும் சொன்னேன். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து எனக்குத் தோழி. பாடல் குழுவில் பக்கத்தில் நிற்பவள். ரேஷன் ஊழியத்தில் நான் எழுத, அவள் அளந்து போடுவாள். அவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். அவள் அப்பாவுக்கு மத்திய அரசில் வேலை. டெல்லியிலேயே பிறந்தும் அவள் தமிழில் தாமிரபரணி வாடை போகவில்லை.

கேட்டவுடன் என்னைக் கட்டிக்கொண்டாள். "இதுக்குப் போயா அழுத? எல்லாரும் போனப்புறம் நான் ஒரு பை எடுத்து வைக்கேன் ட்டி. நீ நோட்ட மூடிட்டு எடுத்துட்டுப் போ. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

அப்படியே செய்தாள். நான் ஸ்தோத்திரம் செலுத்தினேன். கேட்ட இரண்டும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அம்மாவிடம் பொய் சொன்னேன். பழைய அலுவலகத்தில் பாக்கிச் சம்பளம் கொடுத்தார்கள், கடையில் வாங்கினேன் என்றேன். அம்மா பையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்று நான் வடித்த சோறு பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருந்தது. மறுநாளிலிருந்து, "நான் கல்லு பொறுக்கித் தரேன்" என்று அரிசியை முறத்தில் போட்டுக்கொண்டு வாசல் வெயிலில் உட்கார்ந்தார். இடது கையால், ஒவ்வொன்றாக. பொழுதுபோகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து டீக்கு நின்றுகொண்டிருந்தேன். நான் அதிகம் பேசிப் பழகாத ஒரு அக்கா என் தலையில் கை வைத்து, "கவலப்படாதம்மா, சாப்பாட்டுக்குக் கர்த்தர் வழி பண்ணுவாரு" என்றார். வேறு யாரோ என்று நினைத்துச் சொல்கிறார் என்று சிரித்தேன். அடுத்து ஒரு ஆன்ட்டி என் கைப்பையைத் திறந்து அவராகவே இரண்டு பிஸ்கெட் பாக்கெட்டை உள்ளே வைத்து ஜிப்பை மூடினார். இழவு வீட்டில் பார்ப்பது போல் பார்த்தார்.

"என்ன ஆன்ட்டி இது?"

"ஒண்ணுமில்லடா கண்ணு. ஜெபச் சங்கிலில பாத்தேன். நான் யார்கிட்டயும் சொல்லல."

ஜெபச் சங்கிலி என்பது எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குரூப். கல்யாணமாகாதவர்கள் அதில் இல்லை, உறுப்பினர் எண்களைச் சேர்க்கிற ஜெஸி மட்டும் இருந்தாள். அம்மாவிடம் இருப்பது பட்டன் ஃபோன். ஆன்ட்டி ஃபோனைக் காட்டினார். ஜெஸி எண்ணிலிருந்து வந்த செய்தி. இன்றைக்கும் ஒரு எழுத்து மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"சகோதரி எஸ்தர் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபிக்கவும். தாயாருக்குக் கை முறிவு. வேலை இல்லை. அன்றாட ஆகாரத்துக்கே கஷ்டம். நம் ரேஷனில்தான் சாப்பிடுகிறார்கள். தயவுசெய்து இரகசியமாக வைத்துக்கொள்ளவும்."

அதற்குக் கீழே வரிசையாக ஆமென். கூப்பிய கைகள். அழுகிற முகங்கள். தேதியைப் பார்த்தேன். செய்தி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரமாக நான் பதிவேட்டை நீட்டி மற்றவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததை இவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறார்கள்.

ஜெஸி ஸ்டோர் ரூமில் டிரம்மை மூடிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெபத்துக்குத்தான் போட்டேன் ட்டி. நான் ஒருத்தி ஜெபிக்கிறத விட நாலு பேரு ஜெபிச்சா நல்லதுன்னு..."

"எத்தன பேரு இருக்காங்க அந்தக் குரூப்புல?"

"எல்லாம் நம்ம விசுவாசிங்கதான."

"எத்தன பேரு?"

"ஒரு தொண்ணூறு இருக்கும். ஆனா கடைசில இரகசியம்னு போட்டிருக்கேன்லா."

நான் அவளிடம் சொன்னது ஒரு சமாச்சாரம் இல்லை. என் முகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து வைத்திருந்தேன். அவள் அதை ஜெபம் என்று பெயர் போட்டு அனுப்பிவிட்டாள். எதிரி செய்தால் தாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று பாடுகிறவள் செய்தாள். செய்துவிட்டு மூன்று வாரம் என் பக்கத்தில் நின்று பாடவும் செய்தாள்.

நேராக வீட்டுக்கு நடந்தேன். மிச்சமிருந்த ரேஷன் முழுவதையும் கொண்டுபோய்ச் சபையிலேயே போட்டுவிடுவது என்று முடிவு. அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று டப்பா. நான் பையை எடுத்து ஒவ்வொரு டப்பாவாகக் கவிழ்க்க ஆரம்பித்தேன்.

"ஏ, இன்னாடி பண்ற? பிரிச்சி வெச்சத ஏன் ஒண்ணாக் கொட்ற?"

"இது நமக்கு வேணாம்மா."

"புழுங்க தனி, பச்ச தனி, அந்த நீட்டு பாஸ்மதி தனி. எத்தினி நாளு குந்திப் பிரிச்சேன் தெரியுமா? எல்லாம் ஒண்ணா வெந்தா ஒண்ணு கொழையும், ஒண்ணு வெறைக்கும்."

என் கை நின்றுவிட்டது. "உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். புழுங்கலரிசியும் பாஸ்மதியும் ஒரே பையில எந்தக் கடைக்காரன்டி போட்டுத் தருவான்? எட்டு வருசமா அந்த டிரம்முல நானும்தான கொட்டறேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீ சொல்லல. நான் கேக்கல." அம்மா நான்காவதாக ஒரு சின்ன டப்பாவை என் பக்கம் தள்ளினார். "இதுலயும் தெனம் ஒரு கைப்பிடி எடுத்து வெச்சிருக்கேன், சபைக்கு. கொட்றதுன்னா இதையும் கொட்டிடு."

கொட்டினேன். அந்த நேரத்தில் என் பெருமை அவ்வளவு பெரியதாக இருந்தது. உடைந்த கையோடு அம்மா பிரித்து வைத்த அரிசியை எல்லாம் கலந்து எடுத்துப்போய், சகோதரிகள் பார்க்கப் பார்க்க நீல டிரம்மில் கவிழ்த்தேன். பருப்பையும் எண்ணெயையும் மேஜையில் வைத்தேன். பதிவேட்டையும் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. ஜெஸி அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் மறைக்கவில்லை.

திங்கள், செவ்வாய் ரஸ்க்கும் டீயும். புதன் காலையில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "தல லேசா சுத்துது, அவ்வளவுதான்" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று காலை நான் செய்ததை ஜெபம் என்று சொல்ல முடியுமா, தெரியவில்லை. முழங்காலில் நிற்கவில்லை. அடுப்புக்கு எதிரில் நின்றபடியே பேசினேன். நான் இரண்டு கேட்டேன். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பிடுங்கிக்கொண்டீர். மனிதர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைத்தேன், நீரும் செய்தீர். ஜெஸி மேல் இருந்ததை விட அவர் மேல் எனக்கு வருத்தம் அதிகமாக இருந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு, அம்மா படுத்திருந்த பக்கம் பார்த்தேன். அப்போது கேட்டேன். அரிசி மட்டும் கொடும். யார் பார்த்தாலும் பரவாயில்லை.

நான் வாய் மூடும் முன்னே கதவு தட்டப்பட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அன்றும் ரஸ்க்தான். வியாழக்கிழமை மதியம்தான் கதவு தட்டப்பட்டது.

வெளியே சுனிதா. எங்கள் வரிசைக்கு வருகிற பீகார்ப் பெண். என்னை விட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருப்பாள். இரண்டு குழந்தைகள். கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. அவள் இந்தியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்; தீதி என்றால் அக்கா.

"ஜல்தி பிடி தீதி, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்."

"என்ன இது?"

"அரிசி. உங்கள் டிரம் அரிசிதான். போன தடவை நீதானே டிக் போட்டுக் கொடுத்தாய்."

"உனக்கு யார் சொன்னது?"

"நான் வேலை செய்கிற வீட்டு மேம்சாப். உங்கள் சபைதான். ஃபோனில் வந்ததைப் படித்துக் காட்டி, உனக்காக ஜெபிக்கச் சொன்னார். நான் ராமரைக் கும்பிடுகிறவள், எனக்கு உங்கள் ஜெபம் தெரியாது. அதனால் அரிசி எடுத்து வந்தேன்."

நான் கை நீட்டவில்லை. நீட்ட வரவில்லை. சுனிதா தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் பதிவேடு இருப்பது போல் பாவனை செய்து, என் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"பெயர்? புருஷன் பெயர்? புருஷன் இல்லையா, அச்சா. வீட்டில் எத்தனை பேர்? ஏன் சம்பாதிக்கவில்லை? கொஞ்சம் சத்தமாகச் சொல், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு உடம்பு முழுவதும் சுட்டது. அது அப்படியே என் குரல். அதே மிடுக்கு. முதல் நாள் அவளிடம் நான் இதைக் கேட்டது ஞாபகம் வந்தது. புருஷன் குடிக்கிறான் என்று மெதுவாகச் சொன்னாள். சத்தமாகச் சொல் என்றேன். சொன்னாள். அவள் தெருக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

"தீதி, என் கதை நாற்பது வீட்டுக்குத் தெரியும். நீதான் தெரிய வைத்தாய். நான் செத்தா போய்விட்டேன்? பிடி. பால் பொங்கிவிடும்."

வாங்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து அம்மா தனக்குத் தெரிந்த இந்தியில், "கோன் ஹை? அந்தர் ஆவோ, சாய் பீக்கே ஜாவ்" என்று, உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லிக் குரல் கொடுத்தார். டீத்தூளைத் தவிர வீட்டில் ஒன்றும் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். சுனிதா அடுத்த முறை வருவதாகச் சொல்லி ஓடினாள்.

அன்று சோறு பாதி குழைந்து பாதி விறைத்துத்தான் இருந்தது. அம்மா இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். மாத்திரை போட்டுக்கொண்டார். நான் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை நான் வரிசையில் போய் நின்றேன். சுனிதாவுக்குப் பின்னால். பதிவேடு ஜெஸி கையில் இருந்தது. என் முறை வந்தபோது அவளால் என்னை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நானே சொன்னேன், சத்தமாக: "எஸ்தர். திரிலோக்புரி. ரெண்டு பேர். வேலை இல்ல." பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வேலை எப்படிக் கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே வேலை செய்கிற ஒரு சகோதரி ஜெபச் சங்கிலியில் என் செய்தியைப் படித்துவிட்டு, வரவேற்பு மேஜைக்கு ஆள் வேண்டும் என்றபோது என் பெயரைச் சொல்லியிருக்கிறார். பார்த்தாயா, ஜெஸி செய்தது நல்லதற்குத்தான் என்று பலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெஸி செய்தது துரோகம். அதை வைத்தும் கர்த்தர் எனக்குச் சோறு போட்டார். அவர் செய்ததால் அவள் செய்தது சரியாகிவிடாது. அவள் செய்ததால் அவர் செய்தது சிறியதாகிவிடாது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஜெஸி வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொன்னேன். பாடல் குழுவில் இப்போதும் பக்கத்தில்தான் நிற்கிறோம். மெட்ரோ கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். என் கவலை எதையும் அவளிடம் சொல்வதில்லை. என் இருதயமும் மன்னிக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறேன். அது இன்னும் வரவில்லை. வரும் என்று நம்புகிறேன்.

நாற்பது குடும்பத்துக்கு நான் செய்ததற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? ஒவ்வொருவராகக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நியாயம்.

பிறகு பாஸ்டர் ஐயாவிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். வரிசை வேண்டாம், பதிவேடு வேண்டாம். ஸ்டோர் ரூம் வாசலில் ஒரு திரை கட்டுவோம். சபையார், அக்கம்பக்கத்தார், எல்லாரும் ஒரு துணிப்பையோடு ஒவ்வொருவராக உள்ளே போகட்டும். போட வேண்டியவர் போடட்டும், எடுக்க வேண்டியவர் எடுக்கட்டும். வெளியே வரும்போதும் கையில் பை இருக்கும். யார் போட்டார், யார் எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது.

கமிட்டியில் பெரிய விவாதம். "அளவில்லாம அள்ளிட்டுப் போயிடுவாங்களே" என்றார் ஒரு மூப்பர்.

அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "அள்ளிட்டுப் போவட்டும் ஐயா. பசிக்காதவன் எவனாவது இந்தக் கலப்பு அரிசியத் தின்னுவானா?"

பாஸ்டர் ஐயா முதலில் சிரித்தார். பிறகு மூப்பரும் சிரித்துவிட்டார். அடுத்த வாரமே பழைய பெட்ஷீட் ஒன்றைத் திரையாகக் கட்டினோம்.

ஒரு சனிக்கிழமை டிரம்மின் அடி தெரிந்தது. அடுத்த ஞாயிறு மறுபடி மேலே வந்தது. அதன் பிறகு இன்றுவரை அடி தெரியவில்லை. அம்மாவின் கை ஓரளவு மடங்குகிறது, இரண்டு வீட்டில் சமைக்கிறார். அவரும் பையோடு திரைக்குள் போய் வருகிறார். பாஸ்டர் ஐயாவும் போகிறார். ஜெஸியும். சுனிதாவும்.

ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்று அந்த டிசம்பர் மதியம் அழுது கேட்டேன் அல்லவா? அந்த ஜெபம் எனக்குக் கிடைக்கவில்லை. திரைக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் கிடைத்திருக்கிறது. கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இதைப் படிக்கிற யாராவது, சொல்ல முடியாத கஷ்டத்தோடு இருந்தால், முதலில் அவரிடம் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே சொல்லுங்கள், அவர் கேட்கிறார். கிழக்கு டெல்லிப் பக்கம் இருந்தால் ஒரு சனிக்கிழமை எங்களிடம் வாருங்கள். கையில் ஒரு பை மட்டும் கொண்டு வாருங்கள். அது நிறைந்ததா காலியா என்று நாங்கள் பார்க்க மாட்டோம்.